வாங்கி வெச்ச சோப்பு எண்ணெய் சிக்கு வாடை அடிக்குதா? அன்றே பாடம் சொன்ன கோவை அதிகாரி!

கோவை பக்கம் வீட்டிலேயே சோப்பு செய்றவங்களுக்குப் பெரிய தலைவலி, வாங்கி வெச்ச எண்ணெய் சிக்கு வாடை அடிப்பது. இந்தப் பிரச்னையோடு மல்லுக்கட்டியவர், கோவை மாவட்டக் கையேட்டை 1887-ல் தொகுத்த ஐ.சி.எஸ். அதிகாரி பிரெடரிக் நிக்கல்சன்.

யார் இவர்?

1846-ல் பிறந்தவர். கடனில் தவித்த விவசாயிகளுக்காக 1895, 1897-ல் வேளாண் வங்கி அறிக்கை கொடுத்தார். 1904 கூட்டுறவுச் சட்டத்துக்கு அதுவும் ஒரு அடித்தளம்.

பிறகு மீன்வளம் பக்கம் திரும்பினார். 1907-ல் உருவான மதராஸ் மீன்வளத் துறை அமைப்புக்கு அவரே தலைவர். மலபார் கரையில் அப்போ மத்தி மீனை அழுகவிட்டுத்தான் எண்ணெய் எடுப்பாங்க. நாற்றம் தாங்காது. பிடிச்ச உடனே வேகவெச்சுப் பிழிந்தால் சுத்தமான எண்ணெய் கிடைக்கும்னு காட்டினார். அந்த மீன் எண்ணெயை நம்பி 1914-ல் தொடங்கிய அரசு சோப்புத் தொழில்தான் இன்றைய கேரளா சோப்ஸின் வேர். 1936-ல் நிக்கல்சன் மறைந்தார்.

நமக்கு என்ன பாடம்?

பழைய சரக்கில் நல்ல எண்ணெய் வராது. நல்ல எண்ணெயும் காற்று, வெளிச்சம், சூடு பட்டால் கெடும். தேங்காய் எண்ணெய் நாள் தாங்கும். சூரியகாந்தி எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிச்சிடும். அதனால அதைக் கொஞ்சமா வாங்குங்க. தேதி எழுதி, இறுக்கி மூடி, நிழலில் வையுங்க. காஸ்டிக் சோடா ஈரத்தை இழுத்து வீரியம் இழக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்க. அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம்.