மீண்டும் மாணவரான நாதஸ்வர மேதை

லுணுகலை, பசறைப் பகுதித் தோட்டங்களில் கோயில் திருவிழாவின்போது மேளக் கச்சேரியைக் கேட்டு, தாமும் வாசிக்க வேண்டுமென ஆசைகொள்ளும் பிள்ளைகள் உண்டு. அவ்வாறு கற்கத் தொடங்குவோரில் பலர் சில மாதங்களிலேயே வாத்தியத்தை உறையிலிட்டு மூடிவிடுகின்றனர். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. நாதஸ்வரம் எளிதில் வசப்படும் வாத்தியமன்று. ஏழு துளைகளில் விரல் வைத்தால் மட்டும் ஸ்வரம் பிறந்துவிடாது. சீவாளியின் மீது உதடு தரும் அழுத்தமும் மூச்சின் அளவுமே அதனைத் தீர்மானிக்கின்றன. நாள்தோறும் சாதகம் செய்தும் முன்னேற்றம் காதுக்குப் புலப்படாத காலம் ஒன்று வரும். அந்தக் காலத்தைக் கடப்பதற்கு எது துணைநிற்கும் என்பதே கேள்வி.

ஷேக் சின்ன மௌலானாவின் வாழ்க்கையை இவ்விடத்தில் நினைவுகூர்வது பொருத்தமானது. அன்னார் 1924ஆம் ஆண்டு ஆந்திராவின் கரவடிக் கிராமத்தில் பிறந்தார். தலைமுறைகளாக ஆலயங்களில் நாதஸ்வரம் வாசித்துவந்த முஸ்லிம் குடும்பம் அது. தந்தை காசிம் சாஹிபிடமும், பின்னர் சிலகலூரிப்பேட்டை ஆதம் சாஹிபிடமும் பயின்று, ஆந்திர பாணியில் தேர்ந்த வித்துவானாகப் பெயர்பெற்றார். பலருக்கு இத்துடன் கல்வி முடிந்துவிடுகிறது.

ஆனால் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பு அவரை நிம்மதியாக இருக்கவிடவில்லை. ராக ஆலாபனையை ஆறுபோல் நீளவிடும் அந்த நாதம் தம்மிடம் இல்லையென்பதை அவர் உணர்ந்துகொண்டார். பெயர்பெற்ற ஒருவர் இதனைத் தமக்குத் தாமே ஒப்புக்கொள்வது எத்தனை அரிது! கும்பகோணத்தையடுத்த நாச்சியார்கோவிலுக்குச் சென்று, ராஜம் பிள்ளை, துரைக்கண்ணு பிள்ளை சகோதரர்களிடம் மாணவராக அமர்ந்து தஞ்சாவூர் பாணியைக் கற்றார். மொழி வேறு, பாணி வேறு. பழகிவிட்ட விரலைத் திருத்துவது புதிய விரலைப் பழக்குவதைவிடக் கடினமென்பதை இசை ஆசிரியர்கள் அறிவர். அவரைச் சாதகத்தில் இருத்தியது கட்டாயமோ கைதட்டலோ அல்ல, காதில் விழுந்துவிட்ட அந்த ஒலியே எனலாம்.

பின்னர் ஸ்ரீரங்கத்தில் குடியேறினார். இஸ்லாமியராகவே வாழ்ந்துகொண்டு அரங்கநாதர் சந்நிதியிலும் வாசித்தார். இரு சமூகங்களும் அருகருகே வாழும் எமது ஊவா வாசகர்களுக்கு இது வியப்பளிக்கலாம். அவருக்கோ அது பரம்பரைத் தொழில்.

ஸ்ரீரங்கத்தில் சாரதா நாதஸ்வர சங்கீத ஆச்ரமத்தை நிறுவி மாணவர்களைப் பயிற்றுவித்தார். 1977இல் பத்மஸ்ரீ விருதும், 1998இல் சென்னை மியூசிக் அக்கடமியின் சங்கீத கலாநிதி விருதும் கிட்டின. 1999 ஏப்ரலில் அவர் காலமானார். அவரிடமே பயின்று, அவருடன் மேடையேறி வந்த பேரர்கள் காசிம், பாபு இருவரும் நாச்சியார்கோவிலில் அவர் கற்ற அந்தப் பாணியிலேயே தொடர்ந்து வாசித்தனர்.