மணலில் எழுதிய மெட்ராஸ் பிள்ளைகள்: ஆண்ட்ரூ பெல் கற்றுக்கொண்டதும் மறந்ததும்

எஸ்பிஎம் தேர்வுக்கு முன்னால் நண்பருக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்திருக்கீங்களா? அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, உங்களுக்கு நல்லாவே புரிந்திருக்கும்.

ஜொகூர், லாயாங் லாயாங் மாதிரி ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த இடங்களில் வளர்ந்த பெரியவர்களுக்கு இது புதுசு இல்லை. அந்தக் காலத்துத் தோட்டப் பள்ளிகள் பலவற்றில் ஒரே ஆசிரியர், ஒரே அறை, பல வகுப்புகள். வாத்தியார் ஒரு பக்கம் பாடம் நடத்தினால், மறுபக்கம் பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுப்பார்கள்.

இதே முறை 200 ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்து முழுக்கப் பரவியது. அங்கே அதற்கு 'மெட்ராஸ் முறை' என்று பெயர். அதைக் கொண்டுபோனவர் ஆண்ட்ரூ பெல்.

யார் இந்த பெல்?

1753-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பிறந்தவர். அப்பா முடிதிருத்துபவர். படித்து முடித்ததும் அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குப் போய், ஒரு புகையிலைத் தோட்டக்காரர் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். ஊர் திரும்பி பாதிரியார் ஆனார். 1787-இல் கப்பலேறி மெட்ராஸ் வந்தார்.

1789-இல் எழும்பூரில் இருந்த ஆண் பிள்ளைகள் அனாதை விடுதியின் பொறுப்பு அவரிடம் வந்தது. ஐரோப்பியச் சிப்பாய்களின் மகன்கள் அங்கே தங்கிப் படித்தார்கள். பலருக்குத் தாய் இந்தியப் பெண். தாய் வழிப் பழக்கவழக்கம் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதும் அந்த விடுதியின் நோக்கங்களில் ஒன்று. இதை ஞாபகத்தில் வைச்சுக்கோங்க, பிறகு தேவைப்படும்.

மணலில் என்ன பார்த்தார்?

ஒருநாள் காலை குதிரையில் போகும்போது, உள்ளூர்ப் பள்ளி ஒன்றைக் கடந்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பெல் அதை 'மலபார்' பள்ளி என்று குறிப்பிட்டார். அப்போது ஐரோப்பியர்கள் தமிழர்களையும் அப்படித்தான் அழைத்தார்கள்.

விஜயதசமி அன்று உங்க விரலைப் பிடித்து அரிசித் தட்டில் 'அ' எழுத வைத்திருப்பாங்களே, கிட்டத்தட்ட அதேதான். காகிதச் செலவு கிடையாது. தப்பா எழுதினால் கையால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம். தப்பு செய்ய பயமே வராது.

பெல் விடுதிக்குத் திரும்பி, கடைசி வகுப்புக்கு இப்படிச் சொல்லிக் கொடுங்கள் என்றார். அங்கிருந்த ஆசிரியருக்கு நம்பிக்கை இல்லை, நடக்காது என்று சொல்லிவிட்டார். அதனால் பெல், ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். பெரியவருக்கு வராத வேலை சிறுவனுக்கு வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மற்ற வகுப்புகளும் மாணவர்கள் கைக்கு மாறின.

தண்டனையிலும் மாற்றம் வந்தது. பிரம்படி குறைந்தது. யார் என்ன தப்பு செய்தார் என்பது ஒரு நோட்டில் பதிவானது. மாணவர்களே நடுவர்களாக உட்கார்ந்து விசாரித்தார்கள்.

இது யாருடைய யோசனை?

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். 1796-இல் ஊர் திரும்பிய பெல், அடுத்த ஆண்டே தன் பரிசோதனையைப் புத்தகமாக வெளியிட்டார். மணல் எழுத்தைத் தமிழ்ப் பிள்ளைகளிடம் பார்த்ததை மறைக்கவில்லை. ஆனால், மாணவரே மாணவருக்குச் சொல்லிக் கொடுப்பது தன் கண்டுபிடிப்பு என்றார். லண்டனில் அதேபோல் பள்ளி நடத்திய ஜோசப் லங்காஸ்டருக்கும் அவருக்கும் இடையே, யார் முதலில் என்று பெரிய சண்டையே நடந்தது.

நம்ம திண்ணைப் பள்ளிகளில் இந்த வேலைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது: சட்டாம்பிள்ளை. மூத்த மாணவர்தான் சட்டாம்பிள்ளை. சின்னவர்களுக்கு எழுத்து சொல்லித் தருவார், பாடம் ஒப்புவிக்கச் சொல்லிக் கேட்பார். 1823-இல் பெல்லாரி கலெக்டர் கேம்பல், உள்ளூர்ப் பள்ளிகளைப் பற்றிய அறிக்கையில் இந்த முறையைப் பாராட்டினார். சொல்லிக் கொடுக்கும் மாணவருக்கும் அறிவு உறுதிப்படுகிறது, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது சரிதான் என்பது அவர் கருத்து.

இப்போ யோசிச்சுப் பாருங்க. எந்தப் பழக்கத்திலிருந்து பிள்ளைகளை விலக்கி வைக்க அந்த விடுதி நினைத்ததோ, அதுவே அவர்களுக்கு எழுத்து கற்றுக் கொடுத்தது.

முறை வென்றது, அப்புறம்?

1811-இல் இங்கிலாந்து திருச்சபையின் நேஷனல் சொசைட்டி இந்த முறையைக் கையில் எடுத்தது. ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளிகள் ஆயிரக்கணக்கில் பெருகின. 1832-இல் இறந்த பெல்லை லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். கல்விக்காக அவர் விட்டுச்சென்ற தொகை சுமார் 120,000 பவுண்ட். அந்தப் பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் உருவான பள்ளியின் பெயர் இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்'.

ஆனால் அந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள் என்றால் செலவு குறைவு. அதனாலேயே அது எங்கும் பிடித்துப்போனது. மானிட்டர் சொல்ல, மற்றவர்கள் கோரஸாகத் திருப்பிச் சொல்ல, பாடம் மனப்பாடமானது. ஏழைப் பிள்ளைகள் நிலைக்கு மீறிப் படிக்க வேண்டாம், எழுத்தும் கணக்கும்கூட அவசியமில்லை என்று பெல்லே 1808-இல் எழுதினார். மணலில் எழுதப் பழகிய பிள்ளைகளைப் பார்த்து வியந்த அதே மனிதர்! 1846-இல் பிரிட்டிஷ் அரசு, வயதில் மூத்த பயிற்சி மாணவ ஆசிரியர்கள் பக்கம் திரும்பியது. பழைய முறை மெல்ல மறைந்தது.

உங்களுக்கு இதில் என்ன?

மலேசியாவில் 150 மாணவர்களுக்கும் குறைவாக உள்ள பள்ளிகள் 'குறைந்த மாணவர் பள்ளிகள்' என வகைப்படுத்தப்படுகின்றன. தோட்டப்புறத் தமிழ்ப் பள்ளிகள் பல இந்த வகையில் வரும். அங்கே மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு உதவுவது நல்ல விஷயம்தான். ஆனால் அது ஆசிரியருக்கு மாற்று ஆகாது. பெல்லின் கதை காட்டுவது இதைத்தான்.

இன்னொன்று, சொல்லிக் கொடுப்பது வேறு, ஒப்புவிப்பது வேறு. அடுத்தவருக்கு விளக்கும்போது பாடத்தை உங்க சொந்த வரிசையில் அடுக்கணும், அவர் கேட்கும் 'ஏன்'-க்குப் பதில் தேடணும். எங்கே தடுமாறுறீங்களோ, அங்கேதான் உங்களுக்கே புரியலை. அதனால், அடுத்த முறை தம்பியோ தங்கையோ சந்தேகம் கேட்டு வந்தால், போய் யூடியூப் பாரு என்று விரட்டாதீங்க. பத்து நிமிஷம் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்க.

பெல்லுக்கு அபேயில் நினைவுச் சின்னம் இருக்கிறது. ஜான் ஃப்ரிஸ்கன் பெயரும் புத்தகத்தில் இருக்கிறது. அன்று மணலில் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளின் பெயரையும், அவர்களுடைய வாத்தியாரின் பெயரையும் யாரும் எழுதி வைக்கவில்லை.