ஜோஸையா மார்ஷல் ஹீத்

ஆங்கிலேயர் வாழ்க்கை என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன சில உள. தேநீர்க் கோப்பை, மழைக்குடை, கிரிக்கெட் ஆட்டம், ஷேக்ஸ்பியர் நாடகம், மேசையருகே அமர்ந்து கத்தியும் முள்ளும் கொண்டு உண்ணும் வழக்கம் ஆகியவை அவற்றுள் சிறந்தவை. இவற்றுள் தேயிலை சீனத்தினின்றும், பின்னர் அஸ்ஸாம், இலங்கை முதலிய இடங்களினின்றும் சென்றதென்பதை யாவரும் அறிவர். கத்தியோவெனில் முற்றிலும் ஆங்கில நாட்டிற்கே உரியதென்று எண்ணுகின்றோம். 14-ஆம் நூற்றாண்டிலேயே சாஸர் என்னும் புலவர் தம் கதைப்பாட்டில் குறிப்பிடும் அளவிற்கு ஷெபீல்டு நகரத்துக் கத்தி பெயர் பெற்றிருந்தது. ஆயினும், அக்கத்தியை எளியோரும் வாங்கும்படி செய்த பெருமகன் ஒருவர் தம் தொழிலை நம் வெள்ளாற்றின் கரையிலே தொடங்கினார் என்பதை நம்மிற் பலர் அறியோம். எஃகின் சரித்திரம் கற்றோரும், தனியுரிமைச் சட்டம் பயின்றோரும் நன்கறிந்த ஜோஸையா மார்ஷல் ஹீத் என்பவரே அவர்.

ஹீத் துரை கிழக்கிந்தியக் கும்பினியாரின் சென்னை மாகாண ஊழியத்தில் அமர்ந்து, சேலத்துப் பக்கம் வணிக அதிகாரியாக இருந்தவர். இயற்கைப் பொருள்களை ஆராய்வதிலும் அவருக்குப் பேரார்வம் இருந்தது. அவர் இலண்டன் விலங்கியற் கழகத்திற்கு அளித்த மஞ்சள் வௌவால் ஒன்றுக்கு 1831-இல் ஹார்ஸ்பீல்டு என்னும் அறிஞர் அவர் பெயரையே இட்டனர். அவ்வினம் இன்றும் விலங்கு நூல்களில் அப்பெயராலேயே வழங்கி வருகின்றது.

சேலத்தில் அவர் கருத்தை ஈர்த்தவை இரண்டு. ஒன்று, கஞ்சமலை முதலிய குன்றுகளில் மலிந்து கிடக்கும் இரும்புத்தாது. மற்றொன்று, அத்தாதுவை உருக்கி எஃகு செய்த நம் கொல்லர்களின் திறம். ஊட்ஸ் என்று ஐரோப்பியர் அழைத்த அவ்வெஃகைப்பற்றி ஹீத் எழுதிய கட்டுரையொன்று 1839-இல் அச்சாயிற்று. இரும்புத் துண்டுகளுடன் உலர்ந்த ஆவாரங் குச்சிகளை மண்மூசையில் இட்டு, எருக்கிலையால் மூடி, களிமண்ணால் வாயடைத்து, துருத்தி கொண்டு ஊதி உருக்கும் முறையை அவர் அதில் விரிவாக விளக்கியுள்ளார். ஷெபீல்டு நகரத்தார் இரும்பைக் கரியிற் புதைத்துப் பல நாட்கள் காய்ச்சி, அதன்பின் உருக்கி எய்திய பயனை, நம் கொல்லர் இரண்டரை மணி நேரத்தில் ஒரே மூசையில் எய்தினர் என்பதை அவர் வியப்புடன் கண்டார்.

ஐரோப்பிய முறையில் உலை அமைத்து இத்தாதுவைப் பெருமளவில் உருக்குதல் கூடும் என்று அவர் துணிந்தார். கும்பினியாரிடம் அதற்குத் தனியுரிமை பெற்று, தம் உத்தியோகத்தைத் துறந்து, 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலையை நிறுவினார். சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைக் கடந்து கிழக்கே செல்லும் வெள்ளாறு, பரங்கிப்பேட்டையை அடுத்தே கடலொடு கலக்கின்றது. கப்பல் வசதி கருதி அவ்வூரைத் தேர்ந்தனர் போலும். ஆனால் தாதுவோ சேலத்தில்! பரிசல்களில் ஏற்றிக் காவிரி, கொள்ளிடம் வழியாக அதனைக் கொணர வேண்டியதாயிற்று. உலைக்கு வேண்டிய மரக்கரிக்காகக் காடுகள் அழிந்தன; கரி நாளடைவில் அருகிற்று. அரசாங்கத்தாரிடம் பெற்ற கடனும் பெருகிற்று. ஆலையின் இரும்பு மட்டும் குறைவற்றதாக இருந்தது. அது ஷெபீல்டுக்கு ஏற்றுமதியாயிற்று. 1850-இல் வேல்ஸ் நாட்டு மெனாய் நீரிணையின்மீது திறக்கப்பெற்ற பிரிட்டானியா பாலத்திலும் பரங்கிப்பேட்டை இரும்பு பயன்பட்டதென இரும்புச் சரித்திர நூல்கள் கூறும்.

இங்கிலாந்து திரும்பிய ஹீத், எஃகின் குறையொன்றைக் களைவதில் முனைந்தார். அக்காலத்தில் நல்ல எஃகு செய்வதற்கு ஷெபீல்டு நகரத்தார் விலையுயர்ந்த சுவீடன் நாட்டு இரும்பையே நம்பியிருந்தனர். மலிந்த இரும்பினின்று செய்த எஃகு காய்ச்சி அடிக்குங்கால் வெடித்தது. பிற இரும்புடன் பற்றவைத்தற்கும் இணங்கவில்லை. உருகும் எஃகில் மாங்கனீசும் கரியும் கூடிய பொருளை நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை சேர்த்தால், அது எஃகிலுள்ள தீங்கான உயிர்வளியைக் கவர்ந்து வெளியேற்றும் என்பதை ஹீத் கண்டறிந்து, 1839-இல் தனியுரிமைப் பத்திரம் பெற்றார். மேசைக் கத்தியின் அலகை எஃகினாலும் அடித்தண்டை இரும்பினாலும் செய்து இணைத்தல் இதனால் எளிதாயிற்று. ஷெபீல்டில் எஃகின் விலை நூற்றுக்கு 30 முதல் 40 வரை வீழ்ந்தது. செல்வர் வீட்டுப் பொருள் தொழிலாளர் வீட்டிலும் புகுந்தது.

இனி, அவருக்கு நேர்ந்ததைக் கூறுவோம். மாங்கனீசையும் கரியையும் முன்னரே கூட்டிவைக்க வேண்டுவதில்லை. இரண்டையும் தனித்தனியே மூசையில் இட்டாலே அவை உள்ளே கூடிக்கொள்ளும், செலவும் குறையும் என்று ஹீத் பின்னர்க் கண்டார். கண்டதை ஒளியாமல் தம் முகவராகிய அன்வின் என்பவர்க்கும் பிறர்க்கும் உரைத்தார். பத்திரத்திலோ கூட்டிய பொருளே குறிக்கப்பெற்றிருந்தது. புதிய முறை பத்திரத்துள் அடங்காதென்று கொண்ட அன்வின், ஹீத்துக்குப் பொருள் கொடாமலே அதனைக் கையாண்டார். ஏனைய ஆலைக்காரரும் அவ்வழியே சென்றனர். வழக்கு மன்றம் மன்றமாக ஏறி ஆண்டுக்கணக்கில் நடந்தது. நடுவர்களும் ஒருமித்த கருத்தினர் அல்லர். வழக்கு முடியுமுன்னரே, 1851-இல், ஹீத் வறுமையில் உயிர் துறந்தார். 1853-இல் அவர் மனைவியாருக்காக உரிமைக் காலம் நீட்டப்பெற்றது. ஆயினும் 1855-இல் பிரபுக்கள் சபை அன்வின் பக்கமே தீர்ப்பளித்தது. பொருளின் உண்மை ஒன்றாயிருந்தும், பத்திரத்தின் சொல் வேறாயிருந்தமையே தோல்விக்குக் காரணம். அடுத்த ஆண்டே பெஸ்ஸமர் என்பார் புதிய எஃகு முறையை வெளியிட்டபோது, அதனைக் குறை நீக்கிப் பயன்படச் செய்ததும் மாங்கனீசே.

பரங்கிப்பேட்டை ஆலை 1853-இல் வேறொரு கும்பினியாரின் கைக்கு மாறிப் பின்னர் அணைந்து போயிற்று. அவ்வுலைகள் கரியின்றித் தவித்த இடத்திற்குச் சிறிது தூரத்தில், நெய்வேலி மண்ணின்கீழ், பழுப்பு நிலக்கரி அப்பொழுதும் யாரும் அறியாமற் கிடந்தது. எடுத்தவாறே இரும்புலையில் இடுதற்கு அது ஏற்றதன்று என்பது உண்மையே. எனினும், 1956-இல் அதனை அகழ்வதற்கு நிறுவனம் ஏற்பட்டபின் இப்பகுதியின் நிலையே மாறிற்று என்பதை நினைக்குங்கால், காலம் வாய்த்தலும் பொருள் வாய்த்தலும் ஒருங்கு நிகழ்தல் எத்துணை அரிதென்பது விளங்கும்.

ஹீத்தின் துயருக்கு நாம் இரங்குகின்றோம், இரங்குதலும் தகும். எனினும் நடுநிலையிற் பிறழாமல் மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தம் கண்டுபிடிப்பைப் பிறர் ஊதியமின்றிக் கையாண்டனர் என்று வழக்கிட்ட ஹீத்துக்குப் பத்திரமேனும் இருந்தது; மன்றம் இருந்தது; அவர் பெயரும் நூல்களில் நின்றது. ஆவாரங் குச்சியும் எருக்கிலையும் இட்டு எஃகு செய்து காட்டிய சேலத்துக் கொல்லர்க்கோ பத்திரமும் இல்லை, பெயரும் இல்லை. அவர்தம் திறத்தை மறைக்காமல் எழுதிவைத்த பெருந்தன்மை ஹீத்தினுடையது. அது பற்றியே அவரை நாம் நன்றியுடன் போற்றுகின்றோம்.

துருப்பிடியா எஃகை 1913-இல் கண்டறிந்தவர் ஷெபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி ஆவர். அவ்வகை எஃகுத் தகடுகள், ஹீத் தாது தேடிய அக்கஞ்சமலையின் அடிவாரத்திலே நிறுவப்பெற்ற சேலம் உருக்காலையில் 1980-களின் தொடக்கத்திலிருந்து உருவாகி வருகின்றன. நம் வீடுகளில் எவர்சில்வர் என்று வழங்குவதும் அவ்வினத்ததே. மாணவ நண்பர்களே! இஃது ஆங்கிலப் பொருள், இது நம் பொருள் என்று எளிதிற் பிரித்துரைக்குமுன், அப்பொருள் வந்த வழியை ஆராய்மின். கண்டறிந்ததைப் பிறர்க்கு வழங்குமின். வழங்குங்கால் அதனைத் திருத்தமான சொற்களில் எழுதிவையுமின். யாரிடம் கற்றோமோ அவர் பெயரையும் உடன் எழுதிவைத்தல் நம் கடன்.