நோயாளியைத் தேடிச் சென்ற மேரி கியூரி

அச்சக இயந்திரத்தில் கை நசுங்கியவரையும், வாரக்கணக்கில் இருமுகிறவரையும் மருத்துவர் முதலில் எக்ஸ்ரே எடுத்து வரச் சொல்கிறார். நம் நாரணாபுரத்தில் அதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுச் சிவகாசிக்குப் பேருந்து ஏறுகிறவர்களை நாம் அறிவோம். கருவியே நோயாளியைத் தேடி வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! அதைச் செய்து காட்டியவர் ஒரு பெண்மணி. அவரே மேரி கியூரி அம்மையார்.

போலந்து நாட்டின் வார்சா நகரில் 1867 நவம்பர் 7-ஆம் நாள் ஓர் ஆசிரியர் குடும்பத்தில் அவர் பிறந்தார். அந்நாளில் அங்கே பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அக்காளின் மருத்துவப் படிப்புக்குப் பணம் அனுப்பினார். 1891-இல் தாமும் பாரிஸ் சென்று படித்தார். 1898-இல் கணவர் பியேருடன் ரேடியத்தைக் கண்டறிந்தார். 1903-இல் இயற்பியலுக்கும் 1911-இல் வேதியியலுக்கும் நோபல் பரிசு பெற்றார்.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. எக்ஸ்ரே கருவிகளோ பெரும்பாலும் நகர மருத்துவமனைகளில் இருந்தன. குண்டடிபட்டவர்கள் தொலைவில் கிடந்தனர். அம்மையார் செல்வர்களிடம் மோட்டார் வண்டிகளைக் கேட்டு வாங்கிக் கருவிகளைப் பொருத்தினார். மின்சாரம் இல்லாத இடத்தில் வண்டியின் எஞ்சினே டைனமோவைச் சுழற்றி மின்சாரம் தந்தது. இவ்வாறு 20 வண்டிகள் புறப்பட்டன. பதினேழு வயது மகள் ஐரீனும் தாயுடன் போர்முனைக்குச் சென்றாள். உடலில் குண்டு தங்கிய இடத்தைப் படம் காட்ட, மருத்துவர்கள் தயங்காமல் அறுவை செய்தனர். கருவி மட்டும் போதாது, அதை இயக்கத் தெரிந்த கைகளும் வேண்டும் என்றுணர்ந்த அம்மையார், சுமார் 150 பெண்களுக்கு அப்பணியைக் கற்றுக்கொடுத்தார்.

கதிர்களின் தீங்கு அக்காலத்தில் நன்கு அறியப்படவில்லை. பல்லாண்டுகள் கதிர்வீச்சுக்கு ஆளானதால் வந்த இரத்த நோய், 1934 ஜூலை 4-ஆம் நாள் அவர் உயிரைப் பறித்தது. அதே 1934-இல்தான் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பார்னார்டு கதிரியக்க நிலையம் திறக்கப்பட்டது.

இன்று நம் நாட்டில் காசநோயைக் கண்டறிய, கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவிகள் கிராமங்களுக்குச் செல்கின்றன. அம்மையாரின் வண்டி சென்ற வழி அதுவே. ஆயினும் படம் எடுக்கவும், அதைப் பார்த்து நோயைச் சொல்லவும் கற்றவர்கள் வேண்டும். அன்புத் தோழியரே, அன்று 150 பெண்கள் முன்வந்தனர். நம் ஊருக்காக நம்முள் சிலரேனும் முன்வருவோமா?