ஆல்பிரட் பினேயும் அறிவின் அளவும்

புத்தியை அளக்கும் சோதனையை உலகுக்கு அளித்தவர் பிரெஞ்சு மனோதத்துவ அறிஞர் ஆல்பிரட் பினே. அதன் எல்லையை முதலில் எச்சரித்தவரும் அவரே. பின்னதை உலகம் மறந்தது. அம்மறதியால் விளைந்த தீங்கை எண்ணியே அவர் சரித்திரத்தை ஈண்டு எழுதுகிறோம்.

பினே 1857-ம் வருஷம் நீஸ் நகரில் ஜனித்தார். முதலிற் கற்றது சட்டம். எனினும் நியாயஸ்தலத்தை நாடாது மனித மனத்தை ஆராயப் புகுந்தார். மண்டையின் அளவே புத்தியின் அளவென்று அக்காலத்து அறிஞர் பலர் நம்பினர். பினேயும் பள்ளிச் சிறுவரின் தலைகளை அளந்து பார்த்தார். கெட்டிக்காரருக்கும் மந்தருக்கும் இடையே கண்ட பேதம் மிக அற்பம். அதுவும் தமது எதிர்பார்ப்பினால் விளைந்த மயக்கமாயிருக்கலாமென்று ஐயுற்று அம்முறையைக் கைவிட்டார். பின்னர்த் தம் புதல்வியர் இருவரையும் இல்லத்திலேயே சோதித்து, 1903-ல் நூலொன்று வெளியிட்டார். மூத்தவள் கண்டதைக் கண்டவாறு நுட்பமாய்க் கூறுவாள். இளையவள் கற்பனையில் திளைப்பாள். ஒரே பெற்றோர், ஒரே வீடு. மனப்போக்கோ வேறு வேறு.

பள்ளியிற் பின்தங்கும் பிள்ளைகளுக்கு விசேஷப் போதனை அளிக்கும் வழியை ஆராய, 1904-ல் பிரெஞ்சு சர்க்கார் கமிட்டி அமைத்தது. அதில் அங்கம் வகித்த பினே, தியோடர் சிமோன் என்ற வைத்தியருடன் கூடி 1905-ல் 30 சோதனைகளை வகுத்தார். 1908-ல் அவற்றை வயதுவாரியாகத் திருத்தினார். உதவி வேண்டிய பிள்ளையைக் கண்டறிவதே நோக்கம். ஒருவனது அன்றைய நிலையைச் சோதனை காட்டுமேயன்றி, அவன் பிறவியையோ வருங்காலத்தையோ கூறாது. தக்க பயிற்சியால் புத்தி வளரும் என்று 1909-ல் எழுதிய நூலில் வற்புறுத்தினார். 1911-ல், 54-வது வயதில் காலமானார்.

அமெரிக்காவிலோ அச்சோதனை குலத்தரம் காணும் கருவியாயிற்று. வர்ஜீனியா மாகாணத்து ஏழைப் பெண் காரி பக்கின் மனவயது 9 என்று அதன் திருத்திய பதிப்பைக் கொண்டு கணித்தனர். தாயும் மந்தம், மகளும் மந்தம், கைக்குழந்தையான பேத்தியும் மந்தம் என்று வழக்காடி, அவளை மலடாக்க அனுமதி கோரினர். 1927-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு அதற்கு இசைந்தது. அவ்வருஷமே சிகிச்சையும் நடந்தேறியது. மந்தமென்று முத்திரையிடப்பட்ட அக்குழந்தையோ 1931-ல் தன் பள்ளியின் சிறந்த மாணவர் பட்டியலில் இடம் பெற்றாள். மறுவருஷம் நோயால் மாண்டாள். நீதிபதிகளின் முடிவு எத்துணைப் பிழையென்பதற்கு வேறு சாக்ஷியம் வேண்டுவதில்லை.

பெற்றோர் வழி வரும் திறமை சிறிதுமில்லை என்று நாம் வாதிக்கவில்லை. பரம்பரைக்குப் பங்குண்டென்பதை இன்றைய ஆராய்ச்சியும் ஒப்புகிறது. ஆனால் பங்கு வேறு, விதி வேறு. உணவும் போதனையும் வீட்டின் நிலையும் மாறுமிடத்துச் சோதனையின் எண்ணும் மாறக் காண்கிறோம். ஆகவே, மதிப்பெண்ணைக் காட்டி ஒரு குலத்தையோ ஒரு பிள்ளையையோ எவரேனும் தள்ளிவைக்க முற்பட்டால், அப்பிள்ளைக்கு அளித்த போதனை யாதென்று முதலிற் கேட்பது நம் கடமை. பினே தம் சோதனையை வகுத்ததும் அதன் பொருட்டேயாம்.