செம்மறிப் பண்ணையிலிருந்து லண்டன் சந்தை வரை: வில்லியம் சோல்டோ டேவிட்சன்

மாணவர்களே, ஸ்கொட்லாந்திலிருந்து 1852இல் இலங்கைக்கு வந்து, 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். அதே காலப்பகுதியில் ஸ்கொட்லாந்து இளைஞர் பலர் உலகின் நாலாபக்கமும் புறப்பட்டுப் போனார்கள். சிலர் தோட்டத்துரைகள் ஆனார்கள். சிலர் செம்மறியாடு வளர்க்கப் போனார்கள். இரண்டாவது வகையினரில் முக்கியமான ஒருவரே வில்லியம் சோல்டோ டேவிட்சன். பெயரை முதன்முறையாகக் கேள்விப்படுகிறீர்களா? பரவாயில்லை. கைத்தொழிற் புரட்சி உலக வர்த்தகத்தை மாற்றிய விதத்தை விளக்குமாறு வினா வந்தால், இவருடைய வாழ்க்கை உங்களுக்கு ஒரு நல்ல உதாரணமாகக் கைகொடுக்கும்.

டேவிட்சன் 1846இல் கனடாவின் மொன்றியல் நகரில் பிறந்தார். ஆனால் வளர்ந்தது ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில். 1865இல், பத்தொன்பது வயதில், நியூசிலாந்துக்குக் கப்பலேறினார். அங்கே திமாரு நகருக்கு அருகிலிருந்த 'லெவல்ஸ்' என்ற பண்ணையில் பயிலுநராகச் சேர்ந்தார். நமது மலையகத் தோட்டங்களில் சின்னத்துரைமார் வேலை பழகியதை நினைத்துப் பாருங்கள். இதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான். வேலிகள் போதாத அக்காலத்தில், மந்தை எல்லை தாண்டிப் போகாமல் கால்நடையாகவே காவல் காக்க வேண்டும். பல ஆயிரம் செம்மறிகள் மேய்ந்த பண்ணை அது. மெக்கன்சி என்ற இடையன் 1855இல் ஆயிரம் ஆடுகளைத் திருடிக்கொண்டு மலைக்கு அப்பால் ஓட்டிச் சென்றதாகக் கைது செய்யப்பட்டதும் இதே பண்ணையின் மந்தை தொடர்பாகத்தான். வேடிக்கை என்னவென்றால், அந்த மலைநாடு இன்றும் மெக்கன்சியின் பெயராலேயே அழைக்கப்படுகிறது!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த மேய்ச்சல் நிலம் ஆளில்லாத நிலமன்று. அது மவோரி மக்களில் ஒரு பிரிவினரான நைதாகுக்களின் பூமி. 1848இல் வெறும் 2,000 பவுணுக்கு மிகப் பெரிய நிலப்பரப்பை அரசு அவர்களிடமிருந்து எழுதி வாங்கியது. வாக்களித்த ஒதுக்கிடங்களைக் கூடச் சரிவரக் கொடுக்கவில்லை. இதற்கான இழப்பீடும் மன்னிப்பும் 1998இல்தான் கிடைத்தன. குடியேறியோரின் சாதனைகளை எழுதும் நூல்கள் பல இதை ஒரு வரியில் கடந்து விடுகின்றன. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

டேவிட்சன் படிப்படியாக உயர்ந்து பண்ணையின் முகாமையாளரானார். 1874இல் மெரினோ பெண் ஆடுகளையும் லிங்கன் கடாக்களையும் கலந்து, கம்பளிக்கும் இறைச்சிக்கும் ஏற்ற இனமொன்றை உருவாக்கத் தொடங்கினார். 'கொறிடேல்' எனப் பின்னர் பெயர்பெற்ற இனத்தின் முன்னோடிகளில் அவரும் ஒருவர். 1878இல் அவர் எடின்பரோவுக்கு அழைக்கப்பட்டு, 'நியூசிலாந்து மற்றும் அவுஸ்திரேலியக் காணிக் கம்பனி'யின் பொது முகாமையாளரானார். அதே ஆண்டு ஒக்டோபரில் கிளாஸ்கோ நகர வங்கி முறிந்தது. கம்பனியின் பங்குகளில் பெருந்தொகை அந்த வங்கியின் கையில் இருந்தது. கம்பளி விலையும் விழுந்துகொண்டிருந்தது. ஆடுகளோ பெருகிக்கொண்டே போயின. அங்கே இறைச்சியை உண்ண ஆட்கள் இல்லை. எனவே ஆடுகளைக் கொதிக்க வைத்துக் கொழுப்பை மட்டும் எடுத்து, சவர்க்காரத்துக்கும் மெழுகுதிரிக்கும் விற்றார்கள். இங்கிலாந்தின் தொழில் நகரங்களிலோ இறைச்சிக்குத் தட்டுப்பாடு. நடுவே மூன்று மாதக் கடற்பயணம், அதுவும் பூமத்திய ரேகையைக் கடந்து.

1880இல் அவுஸ்திரேலியாவிலிருந்து 'ஸ்ட்ராத்லெவன்' என்ற நீராவிக் கப்பல் உறைந்த இறைச்சியை லண்டனுக்குக் கொண்டு சேர்த்தது. டேவிட்சன் அதைக் கவனித்தார். கம்பனியின் நியூசிலாந்துப் பொறுப்பாளரான தோமஸ் பிரைடனுடன் சேர்ந்து, 'டனீடின்' என்ற பாய்க்கப்பலில் பெல்-கோல்மன் குளிரூட்டும் பொறியைப் பொருத்த ஏற்பாடு செய்தார். பொறி இயங்கும் விதம் எளிது: காற்றை அழுத்தினால் சூடாகும், அந்தச் சூட்டை நீரால் தணித்து, பின் காற்றை விரியவிட்டால் அது கடுங்குளிராகிவிடும்.

1881 டிசம்பரில் ஒமாரு அருகேயுள்ள டொட்டாரா பண்ணையில் ஆடுகள் அறுக்கப்பட்டு, புகையிரதத்தில் போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்துக்கு அனுப்பப்பட்டன. முதல் உடல்களை டேவிட்சனும் பிரைடனும் தாமே கப்பலில் அடுக்கினார்கள். சில நாட்களில் பொறியின் சுழல்தண்டு முறிந்தது! ஏற்றிய இறைச்சியை இறக்கி உள்ளூரிலேயே விற்க வேண்டியதாயிற்று. மனம் தளராமல் பொறியைத் திருத்தி மீண்டும் ஏற்றினார்கள். 1882 பெப்ரவரி 15இல், ஏறத்தாழ 5,000 உடல்களுடன் கப்பல் புறப்பட்டது.

வழியில் பொறியின் புகைபோக்கியிலிருந்து பறந்த தீப்பொறிகள் பாய்களை எரித்துவிடுமோ என்ற பயம். வெப்ப வலயத்தில் கப்பல் அசையாது நின்றபோது குளிர்காற்று எல்லா மூலைக்கும் பரவவில்லை. கப்டன் ஜோன் விற்சன் காற்றுக் குழாய்க்குள் தவழ்ந்து சென்று புதுத் துளைகள் வெட்டினார். உள்ளேயே விறைத்துப் போன அவரைக் கயிறு கட்டி வெளியே இழுத்தார்கள். 98 நாட்களின் பின், மே 24இல் கப்பல் லண்டனை அடைந்தது. கழிக்கப்பட்டது ஒரேயொரு உடல்தான். ஸ்மித்பீல்ட் சந்தையில் சரக்கு விற்று முடிந்தபோது இலாபம் சுமார் 4,700 பவுண்.

டேவிட்சன் இறைச்சியோடு நிற்கவில்லை. அதே 1882இல் கம்பனியின் ஈடன்டேல் காணியில் பாற்கட்டித் தொழிற்சாலை இயங்கத் தொடங்கி, ஏற்றுமதிக்கான அரசின் 500 பவுண் பரிசையும் வென்றது. சிறு காணிக்காரரும் பாலையும் ஆட்டையும் விற்றுப் பிழைக்கலாம் என்ற நிலை இதன் பின்னரே அந்நாட்டில் வந்தது. இன்று நமது கடைகளில் நியூசிலாந்துப் பால்மா பக்கற்றைக் காணும்போது இந்தக் கதையும் ஞாபகத்துக்கு வரட்டும்.

டேவிட்சன் 1924இல் காலமானார். 'டனீடின்' கப்பலுக்கு அவ்வளவு ஆயுள் இருக்கவில்லை. மேலும் சில தடவைகள் இறைச்சி ஏற்றிச் சென்ற அது, 1890இல் லண்டனுக்குப் புறப்பட்டு, அதிலிருந்த அனைவருடனும் கடலில் காணாமற் போயிற்று.