யோசேவாஸ் சுவாமியார்

குருமார் ஒருவரும் இல்லாமல், கோயில்கள் யாவும் பிறர் கைக்குப் போய்விட்ட பின்னர், ஒரு சமூகம் தன் சமயத்தை ஏறக்குறைய முப்பது வருஷ காலம் காத்துக்கொள்ளக் கூடுமா? கூடும் என்பதற்கு யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கத் தமிழரின் சரித்திரம் சான்று. அந்தக் காலத்தின் முடிவில், அவர்களைத் தேடிக்கொண்டு பிச்சைக்கார வேஷத்தில் வந்து சேர்ந்தவர் யோசேவாஸ் சுவாமியார். ஜனவரி மாதம் 16-ந் தேதி அவருடைய திருநாள். கத்தோலிக்கர் அவரைத் தங்களுக்கே உரியவராகக் கொண்டாடுவது இயல்பு. ஆயினும், ஜனங்களிடையே வேலை செய்ய முற்படுவோர் எம்மதத்தினராயினும் இவருடைய ஜீவியத்தை ஒரு முறை ஊன்றிப் பார்த்தல் நன்றென்று நாம் கருதுவதால், அதனை இன்று இவ்விடத்தில் எழுதத் துணிகிறோம்.

அவர் வந்து இறங்கிய நாட்டின் நிலைமையை முதலில் சொல்லுவோம். 1656-ம் வருஷத்தில் கொழும்பையும் 1658-ம் வருஷத்தில் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினார்கள். நாடு பிடித்தது ஒரு வியாபாரக் கும்பினி. அதற்கு வேண்டியது கறுவாவும் யானையும் முத்துமே. எனினும் கத்தோலிக்கர் யாவரும் மனத்தளவில் இன்னும் போர்த்துக்கீசியரின் பிரஜைகளே என்ற சந்தேகம் அதனை விட்டு நீங்கவில்லை. குருமார் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்கக் குருவானவருக்கு வீட்டில் இடங்கொடுத்து மறைத்து வைப்போருக்கு மரண தண்டனை என்று 1658-லேயே பிரசித்தஞ் செய்தார்கள். கோயில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபைக்குத் தொழுகை இடங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின.

சட்டம் படித்த நமக்கோ, இந்த மரண தண்டனையைக் காட்டிலும் தோம்பு என்னும் பதிவுப் புத்தகமே அதிகக் கூரிய ஆயுதமாகத் தோன்றுகிறது. பிள்ளைக்கு நடந்த ஞானஸ்நானமும், வயது வந்தோரின் விவாகமும் பள்ளித் தோம்பில் ஏற வேண்டும். அதில் ஏறாத விவாகத்திற் பிறந்த பிள்ளை முறைப்படி பிறந்த பிள்ளை அன்று என்று எவனும் வழக்குப் பேசலாம்; தகப்பனுடைய காணியில் அதற்குள்ள பாத்தியதை ஆட்டங்கண்டுவிடும். சர்க்கார் உத்தியோகம் விரும்புவோன் சீர்திருத்தச் சபையில் பேர் கொடுத்தவனாக இருக்க வேண்டும். வாளுக்கு அஞ்சாதவனும் தன் பிள்ளையின் வயலுக்கு அஞ்சுவான். ஆகவே சைவரும் கத்தோலிக்கரும் பகலில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பேரைப் பதிந்துவிட்டு, இரவில் தத்தம் வீட்டில் தத்தம் வழிபாட்டை நடத்தி வந்தனர். இதே ஒல்லாந்தர்தாம் 1707-ம் வருஷத்தையொட்டி யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமையைத் தொகுத்து எழுதுவித்து, சொத்து வழக்குகளில் அதனைச் சட்டமாக வழங்கினார்கள். காணி விஷயத்தில் ஊர் வழக்கத்துக்கு அவ்வளவு மரியாதை காட்டியவர்களுக்குக் கடவுள் விஷயத்தில் அது ஏன் தோன்றாமற் போயிற்று என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

நிற்க. யோசேவாஸ் 1651-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 21-ந் தேதி கோவாவில் பெனாவ்லிம் என்னும் ஊரில் பிறந்தார். கிறிஸ்து மதத்தைத் தழுவிய கொங்கணிப் பிராமணக் குடும்பம். 1676-ல் குருப்பட்டம் பெற்றார். அன்று முதல் பாதரட்சையைக் கழற்றி எறிந்துவிட்டு, ஏழைகளைப் போல் வெறுங்காலோடு நடக்கத் தொடங்கினார் என்பர். 1681 முதல் சுமார் மூன்று வருஷம் கன்னட நாட்டுக் கடற்கரையில் வேலை செய்தார். அங்கே போர்த்துக்கல் அரசரின் அதிகாரத்தின் கீழிருந்த குருமாருக்கும், ரோமாபுரியிலிருந்து நேராக நியமனம் பெற்ற மேற்றிராணியாருக்கும் ஓயாத அதிகார வழக்கு. இரு தரப்பாரிடமும் பணிவு குன்றாமல், வழக்கில் அகப்பட்டுத் தவித்த ஜனங்களுக்கு வேண்டிய காரியங்களைச் செய்துகொடுத்து, பாழ்பட்ட கோயில்களைச் செப்பனிட்டு, கோவாவுக்குத் திரும்பினார்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். அக்காலத்தில் ஐரோப்பியரின் சந்நியாச சபைகள் இந்நாட்டிற் பிறந்தவர்களைத் தங்களுள் சேர்ப்பதில்லை. சுதேசி ஒருவர் குருப்பட்டம் பெறலாம். பங்கில் துணைக் குருவாக உழைக்கலாம். சபையில் சமானமாக உட்கார முடியாது. இந்த அவமானத்தைச் சகியாத கோவாக் குருமார் சிலர் 1682-ல் தாங்களே ஒன்றுகூடிச் சந்நியாச வாழ்வு நடத்தத் தொடங்கினார்கள். யோசேவாஸ் 1685-ல் அதில் சேர்ந்து, அர்ச்சியசிஷ்ட பிலிப்பு நேரியாரின் ஒரத்தோரிய ஒழுங்கை அதற்கு அமைத்துக் கொடுத்தார். சுதேசிகளே ஏற்படுத்தி, சுதேசிகளே நடத்திய சபை அது. ஆனால் முழு உண்மையையும் எழுதுவது நம் கடமை. வெள்ளையர் தங்களைப் புறக்கணித்ததை எதிர்த்து எழுந்த அச்சபையே, கிறிஸ்தவப் பிராமணர் அல்லாதாருக்குத் தன் கதவை அடைத்து வைத்திருந்தது. அடியுண்டவன் கையிலும் கோல் இருக்கிறது என்பது இந்நாட்டின் பழைய வியாதி. ஞானஸ்நான நீராலும் அது கழுவப்படவில்லை.

இலங்கையில் கத்தோலிக்கர் குருவின்றி வாடுகிறார்கள் என்ற செய்தி அவரை வெகுகாலமாக வருத்தி வந்தது. போர்த்துக்கீசிய முகமுடையவர் எவரும் அங்கே கரையேற முடியாது. கறுத்த மேனியுடைய ஒருவர் கூலியாள் போலப் போனால் யார் கவனிப்பார்கள்? எந்த நிறத்தினால் சந்நியாச சபைகளின் கதவு அடைபட்டதோ, அந்த நிறமே ஒல்லாந்தரின் காவலைக் கடந்து செல்லும் சீட்டாயிற்று. 1686-ல் யுவாம் என்னும் ஊழியர் ஒருவருடன் கோவாவை விட்டுப் புறப்பட்டு, கடற்கரை வழியே நடந்து, 1687-ல் தூத்துக்குடியில் கப்பலேறி, யாழ்ப்பாணம் சேர்ந்தார். இடுப்பில் ஒரு துணி. பூசைக்குரிய பொருள்கள் ஒரு மூட்டையில் மறைவாக. சேர்ந்ததும் வயிற்றுக்கடுப்பு நோய் பற்றிக்கொண்டது. ஒட்டு நோய் என்று அஞ்சி ஜனங்கள் அவரை ஊருக்குப் புறத்தே ஒதுக்கிவிட்டனர். இரக்கமுள்ள ஒரு ஸ்திரீ கொணர்ந்து வார்த்த கஞ்சியே அவரைப் பிழைப்பித்தது.

தேறி எழுந்தபின், தம்மவர் யார் என்று கண்டுபிடிப்பதற்கு அவர் செய்த உபாயம் எளியது. செபமாலையைக் கழுத்திலே போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டு சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். சிலர் கண்ணில் நீர் கசிந்தது. கண்ணீர் கசிந்த வீட்டை மனத்தில் குறித்துக்கொண்டார். நாளடைவில் கத்தோலிக்கர் நிறைந்த சில்லாலைக் கிராமம் அவருக்கு இருப்பிடமாயிற்று. பகலில் ஒளிந்திருப்பார், இருட்டியபின் ஊர் ஊராகப் போவார். பாவசங்கீர்த்தனம் கேட்டு, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, விவாகங்களை மந்திரித்து, கோழி கூவுமுன் பூசையை முடித்துவிட்டு அடுத்த ஊருக்கு நடப்பார். அங்ஙனம் இரண்டு வருஷத்துக்கு மேல் நடந்தது. ஊரார் பலருக்குத் தெரிந்திருந்தும், அவர் இருக்கும் இடத்தை அதிகாரிகளிடம் விலைப்படுத்துவார் இல்லை. 1689-ம் வருஷக் கிறிஸ்து பிறந்த திருநாளிரவில் ஒல்லாந்தச் சேவகர் வீடுகளை வளைத்துப் பலரைப் பிடித்தார்கள். பிடிபட்டவர்களுக்கு அபராதம்; சிலருக்குக் கசையடியும் சிறையும். சுவாமியார் அகப்படவில்லை. தம்மால் இனியும் ஜனங்களுக்கு ஆபத்து நேரக்கூடாதென்று, கண்டி அரசரின் ஆளுகைக்குட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார்.

1692-ல் கண்டி நகரை அடைந்தபோது வரவேற்பு வேறு விதமாயிருந்தது. அரண்மனையில் செல்வாக்குப் பெற்றிருந்த லனரோல் என்னும் பிரெஞ்சுப் புரொட்டஸ்தாந்துக்காரர், இவர் போர்த்துக்கீசியரின் ஒற்றர் என்று அரசரிடம் சொல்லிவிட்டார். சுவாமியார் சிறைப்பட்டார். சிறையிலே அவர் சிங்களம் கற்றார். நாளடைவில் காவல் தளர, அதே இடத்தில் ஒரு குடிசைக் கோயில் எழுந்தது. கண்டியில் இருந்த கத்தோலிக்கர் இரவில் அங்கே கூடினார்கள்.

அரசர் இரண்டாம் விமலதர்மசூரியன். அவர் பக்தியிற் சிறந்த பௌத்தர். பிக்ஷுக்களின் உபசம்பதை அற்றுப்போயிருந்ததைக் கண்டு, 1697-ல் அரக்கான் தேசத்திலிருந்து பிக்ஷுக்களை வரவழைத்து அதனைப் புதுப்பித்தவர் அவரே. தந்த தாதுவுக்கு மூன்று நிலை மாளிகை எடுத்தவரும் அவரே. கிறிஸ்துவின் நாமத்தைச் சொல்லிக்கொண்டு ஆண்ட கும்பினி கிறிஸ்தவக் குருவை வேட்டையாடிற்று. புத்தபிரானை வணங்கிய அரசர் அவருக்கு நிழல் கொடுத்தார்.

1696-ல் மழையின்றி நாடு வறண்டது. அரசர் வேண்டிக்கொண்டபடி சுவாமியார் வெட்டவெளியில் பீடம் அமைத்துச் சிலுவையை நாட்டிப் பிரார்த்தனை செய்தாரென்றும், மழை கொட்டிற்றென்றும், பீடமும் அவரும் நனையவில்லை என்றும் கத்தோலிக்கர் சொல்லுவார்கள். சாட்சியத்தை நிறுத்துப் பார்க்கும் தொழிலில் பழகிய நாம் அதைப்பற்றித் தீர்ப்புச் சொல்ல முற்படவில்லை. அதன்பின் கண்டி இராச்சியம் முழுவதும் தடையின்றிப் போதிக்க அரசர் உத்தரவு கொடுத்தார் என்பது சரித்திரம்.

நம் மனத்தை ஈர்ப்பது அடுத்த வருஷத்துச் சம்பவம். 1697-ல் கண்டியில் வைசூரி கண்டது. அரசரும் பிரபுக்களும் நகரை விட்டுப் போயினர். பெற்றோர் பிள்ளைகளை விட்டு ஓடினர். நோயாளிகள் காட்டிலே எறியப்பட்டனர். சுவாமியாரும், கோவாவிலிருந்து வந்திருந்த அவருடைய மருமகனார் யோசே கார்வாலியு சுவாமியாரும் தங்கிவிட்டார்கள். ஆளற்று விடப்பட்ட வீடுகளில் நோயாளிகளைச் சேர்த்து, சாதி மதம் கேளாமல் புண்ணைக் கழுவி, கஞ்சி ஊட்டி, இறந்தோருக்குத் தம் கையாலேயே குழி வெட்டினார்கள். அநேக மாதம் இந்த வேலை. இந்தக் குருமார் இல்லாவிடில் வீதிகள் பிணமாகக் கிடந்திருக்கும் என்று அரசர் திரும்பிவந்து சொன்னாராம். மழை பெய்தது அற்புதமோ இல்லையோ, இது அற்புதம் என்பதில் நமக்கு ஐயமில்லை.

1696 முதல் கோவாவிலிருந்து வேறு குருமாரும் வரலாயினர். என்றாலும் ஒரு தீவு முழுவதற்கும் விரல்விட்டு எண்ணத்தக்க குருமார். ஓர் ஊருக்கு வருஷத்தில் ஒரு முறை போவதே அரிது. மற்ற நாட்களில் பங்கு எப்படி உயிரோடிருப்பது? இங்கேதான் சுவாமியாரின் மதிநுட்பம் விளங்குகிறது. ஊர் தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் நியமித்தார். கோயிலைப் பராமரித்து, வழக்கைத் தீர்த்து, குருவானவர் வரும்போது ஜனங்களைக் கூட்டுவது மூப்பர் கடமை. ஞாயிறு தோறும் செபஞ் சொல்லுவித்து, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்து, சாகிறவர் அருகிலிருந்து பிரார்த்தனை படித்து, ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் கொடுப்பது அண்ணாவியார் கடமை. ஒருவர் பிடிபட்டால் அடுத்தவர் எழுவார். குருவைப் பிடித்தால் சபை அழியும் என்று கும்பினி கணக்கிட்டது. குருவே தாம் இல்லாத நாளுக்கு ஏற்பாடு செய்துவைப்பார் என்பது அதன் கணக்கில் இல்லை.

அண்ணாவியார் கையில் புத்தகம் வேண்டுமே. விளங்காத லத்தீனைக் கிளிப்பிள்ளை போல் ஒப்புவிப்பதால் ஒரு சமயம் வேரூன்றாது என்பதைச் சுவாமியார் கண்டிருந்தார். செபங்களையும் உபதேசங்களையும் தமிழிலும் சிங்களத்திலும் ஆக்கிக் கொடுத்தார். இந்த வேலையை முற்றுவித்தவர் 1705-ல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார். கோவாவில் திவார் தீவிற் பிறந்த இவர், 1742-ல் போலவத்தையில் மரிக்கும்வரை ஓயாது எழுதினார். சிங்களத்தில் கத்தோலிக்க இலக்கியத்துக்குத் தந்தை என்று சிங்களப் புலவர்களே இவரை ஒப்புவர். தமிழில் இவர் எழுதிய வியாகுலப் பிரசங்கம் தபசுகாலத்தில் கோயில்களில் இராகத்தோடு வாசிக்கப்பட்டுத் தலைமுறை தலைமுறையாய் வழங்கி வந்தது. அச்சில்லை, ஓலையிலும் கையெழுத்துப் பிரதியிலுமே இவை ஊரூராய்ப் பரவின. கொங்கணி பேசும் இருவர் அந்நிய நாட்டில் இரண்டு பாஷைகளைக் கற்று, அந்த ஜனங்கள் தங்கள் வாயாலேயே தங்கள் கடவுளோடு பேசும்படி செய்தார்கள்.

யோசேவாஸ் சுவாமியாருக்கு மேற்றிராணியார் பதவி கொடுக்கப் பேச்சு எழுந்தது, அவர் இசையவில்லை. வெறுங்காலோடு நடந்துகொண்டே இருந்தார். 1711-ம் வருஷம் ஜனவரி மாதம் 16-ந் தேதி, ஐம்பத்தொன்பதாம் பிராயத்தில், கண்டியில் உயிர் நீத்தார். இருபத்துநான்கு வருஷத்தில் அவர் ஒரு முறையேனும் ஊருக்குத் திரும்பியதில்லை.

பின்வந்த கண்டி அரசருள், மதுரை நாயக்கர் வமிசத்தவரான ஸ்ரீ விஜயராஜசிங்கன் காலத்தில் காற்று மாறிற்று. குருமார் நாடு கடத்தப்பட்டனர், கோயில்கள் இடிக்கப்பட்டன. ஒல்லாந்தரின் சட்டங்களும் நீடித்தன. கத்தோலிக்கர்மீதிருந்த தடைகள் இங்கிலீஷ்காரர் ஆட்சியில் 1806-ல்தான் நீங்கின. அதுவரையிலும், அதற்குப் பின்னும், கோவா ஒரத்தோரியக் குருமாரே இலங்கைப் பங்குகளைப் பார்த்து வந்தனர். யோசேவாஸ் 1995-ல் கொழும்பில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015-ம் வருஷம் ஜனவரி மாதம் 14-ந் தேதி காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸால் அர்ச்சியசிஷ்டராகவும் அறிவிக்கப்பட்டார். அன்று திரண்ட கூட்டம் கடலோடு போட்டியிட்டது. அவருடைய உடல் அடக்கஞ் செய்யப்பட்ட கண்டிக் கோயில் இப்போது இல்லை. கல்லறை இன்ன இடத்தில் இருந்தது என்று சுட்டிக் காட்டுவாரும் இல்லை.